கருப்பை நார்த்திசுக் கட்டி அறுவை சிகிச்சை

கருப்பை நார்த்திசுக் கட்டி என்பது கருப்பைச் சுவரின் தசைத் திசுவில் தோன்றும், புற்றுநோய் அல்லாத கட்டி ஆகும். பெரும்பாலானவை எவ்வித அறிகுறியையும் காட்டுவதில்லை. மிகையான மாதவிடாய்க் குருதிப்போக்கு, அதனால் விளையும் குருதிச்சோகை, வலி, கருத்தரிப்பதில் தடை ஆகியவை இருப்பின் சிகிச்சை தேவைப்படலாம். கருப்பையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் அகற்றுவது மயோமெக்டமி எனப்படும். பிற்காலத்தில் குழந்தைப்பேற்றை விரும்பும் பெண்களுக்கு இதுவே பொருந்தும். கருப்பையை முழுவதுமாக அகற்றுவது ஹிஸ்டெரெக்டமி எனப்படும்.

திறந்த அறுவை

இம்முறையில் அடிவயிற்றில் நீண்ட கீறல் இடப்படுகிறது. மருத்துவர் கருப்பையைக் கையால் தொட்டு, சுவரினுள் ஆழ்ந்திருக்கும் சிறு கட்டிகளையும் உணர முடியும். கட்டிகள் மிகப் பெரியனவாகவோ பலவாகவோ இருக்கும்போது இது பெரிதும் பயன்படுகிறது.

நுண்துளை அறுவை

லேப்பராஸ்கோப்பி முறையில் வயிற்றறை கார்பன் டை ஆக்சைடு வளிமத்தால் விரிக்கப்பட்டு, சிறு துளைகள் வழியே ஒளிப்படக் கருவியும் அறுவைக் கருவிகளும் செலுத்தப்படுகின்றன. கருப்பையின் உட்குழிக்குள் புடைத்திருக்கும் கட்டிகளை, வயிற்றில் கீறலின்றி, கருப்பை வாய் வழியாக ஹிஸ்டெரோஸ்கோப்பி மூலம் அகற்றலாம்.

ஒப்பீடு

நுண்துளை அறுவைக்குப் பின் வலி குறைவு. மருத்துவமனையில் தங்கும் காலமும் குறைவு. வழமையான பணிகளுக்குத் திரும்பப் பொதுவாக 2 முதல் 4 வாரங்கள் ஆகும். திறந்த அறுவையில் இது 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். எனினும் லேப்பராஸ்கோப்பி வழியாகக் கருப்பைச் சுவரைப் பல அடுக்குகளாகத் தைப்பதற்குத் தனித்தேர்ச்சி வேண்டும். தையல் வலுவற்றிருந்தால் பின்னாளைய கருப்பத்தின்போது கருப்பை கிழியும் இடர் உண்டு. எம்முறையில் மயோமெக்டமி செய்தாலும் புதிய கட்டிகள் தோன்றக்கூடும்.

துண்டாக்கல் சிக்கல்

பெரிய கட்டியைச் சிறு துளை வழியே வெளியே எடுக்க, அதை மார்செல்லேட்டர் எனும் கருவியால் துண்டாக்குவதுண்டு. நார்த்திசுக் கட்டி எனக் கருதப்பட்டது அரிதாகச் சார்க்கோமா எனும் புற்றுநோயாக இருந்தால், துண்டுகள் வயிற்றறையில் சிதறி நோயைப் பரப்பக்கூடும். இவ்விரண்டையும் அறுவைக்கு முன் உறுதியாக வேறுபடுத்தும் சோதனை இல்லை. நார்த்திசுக் கட்டிக்காக அறுவை செய்துகொள்ளும் பெண்களில் ஏறத்தாழ 350 பேரில் ஒருவருக்கு அறியப்படாத சார்க்கோமா இருக்கலாம் என 2014 இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் மதிப்பிட்டு, எச்சரிக்கை விடுத்தது. 2020 இல், கட்டியை உறைப்பையினுள் இட்டே துண்டாக்க வேண்டும் எனவும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் 50 வயதைக் கடந்தோருக்கும் இம்முறை கூடாது எனவும் பரிந்துரைத்தது.

எனவே கீறலின் அளவு மட்டுமே தெரிவுக்கு அடிப்படையாகாது. கட்டியின் பருமன், எண்ணிக்கை, இடம், நோயாளியின் வயது, குழந்தைப்பேற்று விருப்பம், கட்டி வெளியே எடுக்கப்படும் விதம் ஆகிய அனைத்தும் கருத்தில் கொள்ளப்படுகின்றன.