செருகுநிரலும் புகைப்படத்தின் ஒளியும்

மாணவர்களே, செருகுநிரல் (பிளக்இன்) தனித்து இயங்காது. பிரதான மென்பொருளொன்றுடன் இணைந்து அதற்கு மேலதிக வசதியளிக்கும். போட்டோஷொப்புக்கு நிக் கலெக்ஷன், கிம்ப்புக்கு இலவசமாகக் கிடைக்கும் ஜிமிக் என்பன உதாரணங்களாகும்.

"எந்தப் படத்தின் ஒளியையும் செருகுநிரல் சீராக்கும்" என எழுதிப் புள்ளி இழப்பவர் பலர். அது ஏன் தவறு?

8 பிட் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 தொடக்கம் 255 வரை பெறுமானம் உண்டு. 0 என்பது இருள், 255 என்பது உச்ச ஒளி. நிழலில் நிற்பவரின் முகத்தில் 20, 25, 30 என இருப்பவற்றைச் செருகுநிரல் 60, 75, 90 ஆக உயர்த்தலாம். அப்போது மூக்கும் கன்னமும் பிரிந்து தெரியும். (கூடவே இரைச்சலும் பெருகும், படம் பொரிப்பொரியாகத் தெரிவது அதனாலேயே.)

நண்பகல் வெயிலில் எடுத்த வெள்ளைச் சீருடை முழுவதும் 255 எனப் பதிவாகியிருந்தால்? அதை 230 ஆகக் குறைத்தாலும் எங்கும் 230 தான். சீருடை சாம்பல்நிறத் தாள்போலாகுமே தவிர, அதன் மடிப்புகள் திரும்பி வரா. ஒரே சொடுக்கில் பளிச்சிட வைக்கும் தயார்நிலைத் தெரிவுகளும் இதற்கு விலக்கல்ல.

ஆகவே வெயிலில் கமராவின் ஒளியளவைச் சற்றுக் குறைத்தே படமெடுங்கள். திருத்தும்போது பிரதியொன்றில் திருத்துங்கள். மூலக் கோப்பின்மேல் சேமித்தால் பழைய பெறுமானங்கள் அழிந்துவிடும்.