துப்பாக்கி உடைமையாளரிடையே ஒரு கருத்துப் பிளவு

ஐக்கிய அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்போர் யாவரையும் ஒரே கருத்துடையோராகக் கொள்வது பொருந்தாது. ஏ.ஆர். 15 வகை ரைபிள் பற்றி அவர்களுக்குள்ளேயே நெடுநாட் பிணக்கு உண்டு. அவ்விரு எழுத்துக்களும் ஆமலைற் என்னும் கம்பனியின் பெயரைக் குறிப்பன. பலர் கருதுவதுபோல் 'தாக்குதல் ரைபிள்' என்பதையல்ல. 1959இல் உரிமையை வாங்கிய கோல்ற் நிறுவனம், விசையை ஒருமுறை இழுக்க ஒரு குண்டே வெளிவரும் வடிவத்தை 1964இல் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கிற்று.

மரக்கட்டை பூட்டிய வேட்டைத் துப்பாக்கியிற் பழகியோர் சிலர் இதனைப் போர்க்களத்துப் பொருளாகவே நோக்கினர். வேட்டை எழுத்தாளர் ஜிம் சம்போ, இவ்வகை ரைபிளுக்கு வேட்டையில் இடமில்லையென 2007இல் எழுதினார். உடைமையாளரின் சீற்றம் மூண்டது. அவர் மன்னிப்புக் கோரியும், ஆதரவளித்த ரெமிங்டன் கம்பனி உறவை முறித்தது. அவரது தொலைக்காட்சி நிகழ்ச்சியும் இடைநிறுத்தப்பட்டது. வணிகம் எப்பக்கம் சாய்ந்ததென்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ரைபிளைத் தாமே பொருத்திக்கொள்வோரின் நியாயம் வேறு. குழல், கட்டை, விசைத்தொகுதி என்பவற்றைத் தனித்தனியே வாங்கி வீட்டிற் பூட்டலாம். சட்டத்தின்படி, தொடரிலக்கம் தாங்கும் கீழுடற்பகுதி ஒன்றே துப்பாக்கி. உறுப்புக்களை அறிந்தவனே ஆயுதத்தைச் செவ்வனே பேணுவான் என்பது அவர்தம் வாதம். ஆயினும் முற்றுப்பெறாத கீழுடலை வாங்கி, இலக்கமின்றி முடித்துக்கொள்வதை அவர்களுள்ளும் யாவரும் ஏற்பதில்லை. அத்தகைய தொகுதிகளுக்கும் தொடரிலக்கத்தையும் கொள்வனவாளர் பின்னணிச் சோதனையையும் மத்திய அரசு 2022இல் விதித்தது. 2025 மார்ச்சில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அவ்விதி செல்லுமெனத் தீர்ப்பளித்தது.