சுருக்குப்பையில் பாதி காலியான அட்டை

கிராமத்துப் பாட்டியின் சுருக்குப்பையில் வெற்றிலை, பாக்கு, சில்லறையோடு இப்போது ஒரு மாத்திரை அட்டையும் இருக்கிறது. மாதக் கடைசியில் பார்த்தால் அதில் பாதி அப்படியே மிச்சம். "தலை சுத்துனா ஒண்ணு போட்டுக்குவேன். நல்லா இருக்கிறப்ப எதுக்குச் சாமி மாத்திரை?" என்ற பதிலைத் தமிழ்நாட்டின் எந்த ஊர்த் திண்ணையிலும் கேட்கலாம். தினமும் காலையில் போட வேண்டிய பிரஷர் மாத்திரை, தலைவலி மாத்திரை போல ஆகிவிடுகிறது.

இதை அறியாமை என்று ஒதுக்குவது அநியாயம். களையெடுப்பும் நாற்று நடவுமாக வாழ்ந்தவர்களுக்கு நோயை அளக்க ஒரே அளவுகோல்தான்: எழுந்து வேலைக்குப் போக முடிகிறதா? காய்ச்சலும் பேதியும் ஆளைச் சாய்த்த காலத்தில் அது சரியாகவே இருந்தது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆளைச் சாய்ப்பதில்லை. வலியே காட்டாமல் பல ஆண்டுகள் சிறுநீரகத்தையும் கண்ணையும் இதயத்தையும் அரித்துக்கொண்டிருக்கும். "பிரஷர் நார்மல்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் ஏராளம். மாத்திரையால்தான் அது நார்மல் என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதில் பாதமும் அடிபடுகிறது. நாள்பட்ட சர்க்கரை நோய் நரம்புகளைப் பழுதாக்கும்போது பாதத்தில் உணர்ச்சி மங்குகிறது. வரப்பில் வெறுங்காலோடு நடப்பவருக்குக் கருவேல முள் ஏறியது தெரியாது. செருப்பு கழன்று விழுந்தாலும் நாலடி தள்ளிப்போய்த்தான் திரும்பிப் பார்ப்பார். இரண்டு நாள் கழித்துப் பேத்தி கேட்கிறாள்: "அப்பாயி, கால்ல என்ன ரத்தம்?" வலி இல்லாததால் மஞ்சள் பற்றுப் போட்டு இன்னும் ஒரு வாரம் ஓடும். அதற்குள் சீழ் பிடித்து, கடைசியில் விரலையே எடுக்க வேண்டியதாகலாம். படுக்கப்போகும்முன் பாதத்தையும் விரலிடுக்கையும் ஒருமுறை பார்த்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தை அதன்மேல் காட்டினால் போதும்.

சாப்பாட்டுக்கு வருவோம். பல் போனவர்களுக்குக் கஞ்சிதான் துணை. கஞ்சிக்கு ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு. நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் அளவுக்குள், உப்பு இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கஞ்சித் தட்டில் அது காலையிலேயே தீர்ந்துவிடும். பருப்பும் முட்டையும் குறையக் குறையத் தொடைச்சதை வற்றுகிறது. இரவில் இருட்டில் கொல்லைப்பக்கம் போகும்போது கால் தடுக்கி இடுப்பெலும்பு முறிவதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. அந்த இருட்டுக்குப் பயந்து சாயங்காலத்துக்குமேல் தண்ணீரே குடிக்காத பெண்கள் பலர். நீர்க்கடுப்பு அடிக்கடி வர அதுவும் ஒரு காரணம்.

கண் விஷயத்தில் 'புரை முற்றட்டும்' என்று காத்திருக்கும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. இன்றைய அறுவைச் சிகிச்சைக்கு அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர் ஊராக முகாம் போட்டு, நோயாளிகளைப் பஸ்ஸில் அழைத்துப்போய்ச் சிகிச்சை முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக நாதியில்லாத முதியவருக்கு அந்தப் பஸ்ஸே பாதி வைத்தியம்.

அதே வழியில் மருந்தை வாசலுக்குக் கொண்டுவந்தது தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு 2024இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. பஸ் காசும் ஒருநாள் கூலியும் மிச்சம் என்பது கண்ணுக்குத் தெரியும் லாபம். அதைவிடப் பெரியது, வருகிற தன்னார்வலர் திண்ணையில் உட்கார்ந்து, "போன மாச அட்டையக் காட்டுங்க பாட்டி" என்று கேட்பது. மாத்திரை ஏன் மிஞ்சியது என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

வீட்டில் இருப்பவர்களும் ஒன்று செய்யலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் காலை மாத்திரை அட்டையில் சூரியனும் இரவு அட்டையில் நிலாவும் பேனாவால் வரைந்து, சுவரில் தொங்கும் தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு பையில் போட்டு மாட்டிவிடலாம். தேதித் தாளைக் கிழிக்கும் கை, அப்படியே மாத்திரையையும் எடுத்துக்கொள்ளும்.