உங்களுக்குத் தெரியுமா? புதிய சிடி டிரைவ் பாடாதது ஏன்?
அப்பர் பெருமான் கல்லைத் தெப்பமாகக் கொண்டு கரையேறினார் என்று ஐதிகம் கூறும் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரிலோ, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறையில் தண்டபாணி தேசிகர் போதித்த சிதம்பரத்திலோ, பழைய கணிப்பொறி ஒன்றில் புதிய சிடி டிரைவைப் பொருத்தித் தேவார இசைத்தட்டை இட்டதும், தட்டு சுழன்று பாட்டின் விநாடிகள் திரையில் ஓடியும் ஸ்பீக்கரில் சப்தமே எழாவிடில், டிரைவ் பழுதென்று உடனே தீர்மானித்துவிடலாகாது.

எம்பி3 பாட்டு, டிரைவைக் கணிப்பொறியோடு இணைக்கும் அகன்ற பட்டைக் கேபிள் வழியே தகவலாக வந்து பிராசஸரால் விரிக்கப்படுகிறது. இசைத்தட்டின் விஷயம் வேறு. விநாடிக்கு 44,100 மாதிரிகளாக ஒவ்வொரு சேனலிலும் பதிந்துள்ள எண்களை டிரைவே தன்னுள் ஒலியலையாக மாற்றி, நான்கு முனைகளுள்ள ஒரு மெல்லிய ஆடியோ கேபிள் மூலம் சவுண்ட் கார்டுக்கு அனுப்புவதே 1990-களின் சம்பிரதாயம். டிரைவின் பின்புறம், பட்டைக் கேபிளுக்குப் பக்கத்திலேயே அதற்கெனத் தனிச் சிறு துவாரம் உண்டு. புதிய டிரைவை மாட்டும் அவசரத்தில் பெரும்பாலும் மறக்கப்படுவது இந்த அற்பக் கேபிள்தான்!

டிரைவின் முகப்பில் ஹெட்போன் துளை இருந்தால் அதில் கேட்டுப் பாருங்கள். அங்கே பாட்டு தெளிவாக ஒலிக்குமாயின், கேபிளையும், வால்யூம் கண்ட்ரோலில் 'சிடி ஆடியோ' மௌனமாக்கப்பட்டுள்ளதா என்பதையும் கவனிக்க வேண்டும். 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலோ, டிரைவின் பிராப்பர்ட்டீஸ் பக்கத்தில் டிஜிட்டல் முறையைத் தேர்ந்தெடுத்தால், பட்டைக் கேபிள் வழியாகவே சங்கீதமும் வந்து சேரும்.