அறிதிறன் மேம்படுத்திகளின் அறவியல்

அறிதிறன் மேம்படுத்திகள் என்பவை நினைவாற்றல், கவனம், விழிப்பு ஆகியவற்றைக் கூட்டும் என்ற எதிர்பார்ப்பில் உட்கொள்ளப்படும் பொருட்கள் ஆகும். நோயில்லாதவர்கள், குறிப்பாகத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள், இவற்றைப் பயன்படுத்துவது முறையா என்பது மருத்துவ அறவியலில் விவாதிக்கப்படும் ஒரு வினா.

பின்னணி

1944இல் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்ட மெத்தில்பெனிடேட், கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு உள்ளவர்களுக்குத் தரப்படுகிறது. மோடாபினில், பகலிலும் அடக்க முடியாத தூக்கம் வரும் நார்கோலெப்சி நோய்க்கான மருந்து. 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இவ்விரண்டையும் நோயில்லாதவர்களும் பயன்படுத்தத் தொடங்கினர். 2008இல் 'நேச்சர்' இதழ் நடத்திய கருத்துக்கணிப்பில் பங்கேற்ற சுமார் 1,400 பேரில் ஐந்தில் ஒருவர், மருத்துவத் தேவையின்றி இத்தகைய மருந்துகளைப் பயன்படுத்தியதாகக் கூறினர். விரும்பியவர்கள் மட்டும் விடையளித்த கணிப்பு என்பதால், இது மக்கள் அனைவருக்கும் பொருந்தாது.

தேர்வு நேர்மை

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம், படிப்பில் மேம்படுவதற்காகப் பரிந்துரை மருந்துகளை அனுமதியின்றிப் பயன்படுத்துவதை 2011இல் ஏமாற்றுச் செயல்களில் சேர்த்தது. நோய்க்காக மருத்துவர் பரிந்துரைத்தபடி மருந்து உண்ணும் மாணவர் இவ்விதியில் குற்றவாளி ஆவதில்லை. தேநீரும் காப்பியும் விழிப்பைக் கூட்டுகின்றனவே, மாத்திரை மட்டும் எப்படித் தவறாகும் என்று கேட்போரும் உண்டு. விடையைப் பார்த்து எழுதுவதும், விழித்திருந்து தானே படிப்பதும் ஒன்றல்ல என்பது அவர்களின் வாதம்.

தன்விருப்பமும் அழுத்தமும்

வயது வந்தவர் தம் உடலைப் பற்றித் தாமே முடிவெடுக்கலாம் என்பது ஒரு கருத்து. ஆனால் வகுப்பில் பலர் மாத்திரை உண்ணும்போது, வேண்டாம் என்பவரும் பின்தங்கிவிடுவோமோ என்ற அச்சத்தால் அதை நாடக்கூடும். அப்போது அது முழுமையான தன்விருப்பம் ஆகாது. வாங்க வசதியுள்ளவருக்கு மட்டும் கிடைப்பது ஏற்றத்தாழ்வையும் வளர்க்கும்.

பயனும் தீங்கும்

மேற்கண்ட வாதங்கள் பெரும்பாலும் மருந்து உண்மையிலேயே அறிவைக் கூட்டுகிறது என்று எடுத்துக்கொள்கின்றன. 2023இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளியான ஆய்வில், நோயில்லாத 40 பேருக்கு மெத்தில்பெனிடேட், டெக்சாம்பெட்டமின், மோடாபினில், வெற்று மாத்திரை ஆகியவை வெவ்வேறு நாட்களில் தரப்பட்டன. மருந்து உண்டபோது அவர்கள் கடினமான கணக்குகளில் கூடுதலாக முயன்றனர். ஆனால் அம்முயற்சியின் தரம் குறைந்தது. தூக்கமின்மை, இதயத்துடிப்பு மிகுதல், பதற்றம் போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. மெத்தில்பெனிடேட்டுக்குப் பழக்க அடிமைத்தன்மை ஏற்படும் வாய்ப்பும் உள்ளது. ஆகவே, பிறரை ஏமாற்றுகிறோமா என்பதோடு, தம்மையே ஏமாற்றிக்கொள்கிறோமா என்பதும் இங்கு எழும் வினாவாகும்.