பெருமாள் கோயிலில் பூண்டுத் தைலம்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று கூடுமிடம் திருமுக்கூடல். காஞ்சிப் பட்டை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. ஆயின் அக்காஞ்சிக்கு அருகே, பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில், வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் பொறித்திருக்கும் சாஸனத்தை அறிந்தவர் சிலரே.

வீரராஜேந்திர சோழன் காலத்தில், ஏறக்குறைய 1068-ஆம் ஆண்டில் எழுந்த சாஸனம் அது. அக்கோயிலைச் சார்ந்து வேத பாடசாலையும், மாணவர் விடுதியும், 'வீரசோழன்' என்னும் ஆதுலசாலையும் நடந்தன. நோயாளிகளுக்கு 15 கிடைகள், கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்ற வைத்தியர், சல்லியக்கிரியை செய்வான் ஒருவன், மூலிகை கொணர ஆட்கள், பணிவிடைக்குப் பெண்கள். மேனாட்டார் வந்துதான் நமக்கு ஆஸ்பத்திரியைக் காட்டினார்கள் என்போர் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

ஆதுலசாலையில் இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் அதில் உண்டு. அவற்றுள் ஒன்று 'லசுனாத்யேரண்ட தைலம்'. லசுனமாவது பூண்டு, ஏரண்டமாவது ஆமணக்கு. வைதிக இல்லங்களில் மடைப்பள்ளியை நெருங்கவொட்டாது விலக்கிய பூண்டு, வேதம் ஓதிய பிள்ளைகளின் மருந்தறையில் இடம் பெற்றிருந்தது! விலக்கு ருசிக்கேயன்றி நோய்க்கு அன்று போலும். 1890-இல் மத்திய ஆசியாவில் குச்சாவுக்கு அருகே கிடைத்த பழைய வைத்தியச் சுவடியோ இன்னும் சாமர்த்தியமாக வழி சொல்கிறது: பசுவுக்குப் பூண்டு ஊட்டி, அதன் பாலை அந்தணர் அருந்தலாமாம்.

பூண்டு குளிர் விரும்பும் பயிர். நம் மாகாணத்தில் கொடைக்கானல் மலையிலே பூம்பாறை, மன்னவனூர் முதலிய ஊர்களின் படிக்கட்டு வயல்களில் விளைகிறது. 2019-இல் கொடைக்கானல் மலைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சமவெளியில் நடும் பற்கள் தாள் விடுமேயொழியப் பெரும்பாலும் பூந்தண்டு விடுவதில்லை. அதற்கு நெடுங்குளிர் வேண்டும்.

கடுங்குளிர் நாட்டுப் பூண்டிலோ நடுவே ஒரு தண்டு எழுந்து, பாம்புபோல் வளைந்து, நுனியில் மொட்டுத் தாங்கும். அதைச் சீனரும் கொரியரும் விரும்பி உண்கிறார்கள். மொட்டு விரியுமுன் கிள்ளிவிட்டால் தண்டு இளசாகக் கிடைக்கும். செடியின் சாரமும் கீழே கிழங்குக்குச் சென்று அது பருக்கும். எறியத்தக்க பொருளென்று எண்ணுவது அறியாமையேயாகும்.

நம் வீடுகளில் தண்டு கிடைக்காவிட்டாலும் தாள் கிடைக்கும். கார்த்திகை பிறந்ததும், முளை எட்டிப் பார்க்கும் பற்களை நுனி மேலாக ஓர் அங்குல ஆழத்தில் தொட்டியில் ஊன்றி, மண் ஈரம் காயாமல், நீரும் தேங்காமல் காத்து வந்தால், சில வாரங்களில் தாளை நறுக்கலாம். குஜராத்தியர் இந்தப் பச்சைப் பூண்டைக் குளிர்காலத்தில் தாராளமாகச் சமைக்கிறார்கள்.

பூந்தண்டு அகப்பட்டால் மொட்டையும் முற்றிய அடிப்பாகத்தையும் நீக்கி, விரலளவு நறுக்கி, நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் தாளித்து, உப்புடன் சிறிது நீர் தெளித்து வதக்குக. பச்சை நிறம் மாறுமுன் இறக்கித் தேங்காய்த் துருவல் தூவுதல் நலம். காரம் பற்களைவிடக் குறைவு. குழந்தைகளும் முகஞ்சுளியாமல் உண்பர். தாளாயின் வதக்கவே வேண்டாம். புளியும் மிளகாயும் கூட்டித் துவையலாக அரைத்துச் சூடான சாதத்தில் பிசைந்து கொள்ளலாம்.