பேப்பர் மாஷே: வீட்டில் செய்தால் ஏன் கோணிப்போகிறது, ஏன் பூஞ்சை பிடிக்கிறது?

பழைய நாளிதழ், மைதா பசை, ஒரு பலூன். பேப்பர் மாஷே அலங்காரப் பொருள் செய்ய இவை போதும் என்கின்றன ரீல்ஸ் வீடியோக்கள். போதும்தான். ஆனால் அந்த வீடியோக்களில் வெட்டி எறியப்படுவது காயும் நேரம். வீட்டில் செய்யும் கிண்ணமும் முகமூடியும் பெரும்பாலும் கெட்டுப்போவது அங்கேதான்.

'மென்ற காகிதம்' என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல் இது. தமிழில் காகிதக் கூழ். நமக்கு ஒன்றும் புதுசு இல்லை. ஊறவைத்த காகிதத்தோடு வெந்தயத்தை அரைத்து முறத்துக்கும் கூடைக்கும் பூசுவது நம் பாட்டிகளுக்குத் தெரிந்த வேலை. எடை குறைந்த கொலு பொம்மைகள் பலவும் காகிதக் கூழ்தான்.

ஸ்ரீநகரில் எப்படிச் செய்கிறார்கள்?

இந்தியாவில் இந்தக் கலைக்குப் பெயர்போன இடம் காஷ்மீர். 15-ம் நூற்றாண்டில் சுல்தான் ஜைனுல் ஆபிதீன் காலத்தில் மத்திய ஆசியக் கைவினைஞர்கள் வழியாக அங்கே வந்தது என்பார்கள். வேலை இரண்டு பாதி: உருவம் செய்வது சக்த்சாஸி, ஓவியம் தீட்டுவது நக்காஷி. பொதுவாக இரண்டுக்கும் ஆட்கள் வேறு.

சக்த்சாஸியில் காகிதத்தை நாள்கணக்கில் ஊறவைத்து, உரலில் இடித்து, அரிசிப் பசை கலந்து, மரம் அல்லது களிமண் அச்சின் மேல் அப்புகிறார்கள். முழுக்கக் காய்ந்த பிறகு வாளால் இரண்டாக அறுத்து அச்சை வெளியே எடுத்துவிட்டு, பாதிகளைப் பசையால் ஒட்டுகிறார்கள். பிறகு அரம் போட்டுத் தேய்த்து, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசி, மெல்லிய காகிதம் ஒட்டி, மறுபடியும் தேய்ப்பு. இத்தனைக்கும் பிறகுதான் தூரிகை வருகிறது.

வீட்டில் எதைக் கவனிக்கணும்?

ஒரு கப் மைதாவுக்கு 4 முதல் 5 கப் தண்ணீர். கட்டி இல்லாமல் கரைத்து, கண்ணாடிபோல மாறும்வரை காய்ச்சினால் பசை ரெடி. அச்சுக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, மேலே எண்ணெய் தடவுங்கள். வழவழப்பான பத்திரிகைத் தாள் வேண்டாம், அது பசையைச் சரியாக உறிஞ்சாது. நாளிதழ்தான் சரி. கத்தரிக்கோலும் வேண்டாம். கிழித்த ஓரம் மெல்லிசாக இருப்பதால் அடுத்த துண்டோடு கலந்துவிடும், வெட்டிய ஓரம் வரம்புபோல் எழும்பி நிற்கும். ஒரு திசையில் நாளிதழ் நேராகக் கிழியும், மற்றதில் கோணலாகப் போகும். முதல் திசையில் கிழித்தால் பட்டைகள் ஒரே அகலத்தில் வரும்.

ஒரே மூச்சில் 8 அடுக்கு ஒட்டிவிடத் தோன்றும். அதுதான் வினை. மேல்பகுதி முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அடைபடும். அதனால் உருவம் கோணும், நாலு நாளில் கறுப்புப் புள்ளியும் வரும். இரண்டு மூன்று அடுக்கு போட்டுக் காயவிட்டு, பிறகு அடுத்தது. சென்னை மாதிரி ஈரக்காற்று உள்ள ஊரில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நாளாவது வேண்டும், மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக. ஃபேன் காற்று நல்லது. அவசரப்பட்டு அவனில் வைக்காதீர்கள்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பிடித்த வழி சமையலறைத் தராசு. தினமும் எடை பாருங்கள், இரண்டு நாள் ஒரே எண் காட்டினால் காய்ந்துவிட்டது. அதன்பிறகு சுண்ணப்பொடியும் ஃபெவிகாலும் கலந்து பூசி, உப்புத்தாளால் தேய்த்து, அக்ரிலிக் பெயின்ட், கடைசியாக வார்னிஷ். அலங்காரத்துக்கு மட்டும்தான். சாப்பாடு, தண்ணீர் வைக்க வேண்டாம்.

கடையில் வாங்கும்போது

சக்த்சாஸி செய்பவரின் உழைப்பு மொத்தமும் வண்ணத்துக்கு அடியில் மறைந்துவிடுகிறது. செலவைக் குறைக்க நினைத்தால் முதலில் கைவைக்கப்படுவதும் அதில்தான். மரப்பெட்டியிலோ எம்டிஎஃப் பலகையிலோ பூவேலை மட்டும் செய்து, 'காஷ்மீர் பேப்பர் மாஷே' என்று விற்பதும் நடக்கிறது. ஓவியம் அசலாகவே இருக்கலாம், ஆனால் காசு பாதி வேலைக்குத்தான் போகிறது. காஷ்மீர் பேப்பர் மாஷேவுக்குப் புவிசார் குறியீடு உண்டு, அந்த முத்திரை இருக்கிறதா பாருங்கள். கையில் எடுத்துப் பார்த்தால் அளவுக்கு எடை குறைவாகத் தெரியணும். மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். விளிம்புகள் ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல் கூராக இருந்தால், உள்ளே இருப்பது என்ன என்று கடைக்காரரிடம் நேராகவே கேளுங்கள்.